ஐந்தாவது கியர் உங்கள் பக்கம்

வாசலில் ஒரு புது வண்டி நிற்கிறது. சின்னதுதான். காலையில் அதில் ஏறி இறங்கிய வாசனை இன்னும் என் புடவையை விட்டுப் போகவில்லை. ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. நம் பழைய வண்டியில் இது கிடையாது. அது நம்மிடம் வருவதற்கு முன்பே யார் யாரோ ஓட்டித் தேய்த்திருந்தார்கள். அதில் யூனிஃபார்ம் துணியின் கஞ்சி வாசனையும், ராயக்கோட்டைத் தக்காளி வாசனையும், நீங்கள் டேஷ்போர்டில் போட்டு வைக்கும் ஓமப் பொட்டலத்தின் வாசனையும்தான்.

இந்த வண்டி எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாதியில் "சுருக்கமா சொல்லு" என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதைச் சொல்லக்கூட இப்போது நீங்கள் இல்லை. அதனால் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஷோரூமில் நான் பண்ணிய கூத்து. ரம்யாதான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் மகள்தானே, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். சின்ன வண்டி, வெள்ளை கலர், ஆட்டோமேட்டிக் என்று வீட்டிலேயே முடிவு பண்ணி வைத்திருந்தாள். டை கட்டிய சேல்ஸ்மேன் ஒருவர் ஓட்டிக் காட்ட வந்தார். ரம்யா பின்னால் ஏறினாள். நான் முன்னால், என் இடத்தில், இடது பக்கம் உட்கார்ந்தேன்.

பாகலூர் ரோட்டில் வண்டி வேகம் எடுத்தது. அவர் மைலேஜைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். என் காது அதில் இல்லை. இஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. இது இரண்டில் திணறுகிறது, மூன்று கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். என் வலது கை என்னைக் கேட்காமல் போய், நடுவில் இருந்த கியர் ராடைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

இஞ்சின் ஊவென்று கத்தியது. வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான், பக்கத்தில் வந்து "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனான். சேல்ஸ்மேன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், அதைத் தொடக் கூடாது மேடம்! அதுவே மாத்திக்கும்."

"அம்மா!" என்றாள் ரம்யா. "கையை மடியில வச்சுக்கோ."

மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்த மனிதரின் இடது காலைப் பார்த்தேன். அது ஓரமாகச் சும்மா கிடந்தது. இந்த வண்டியில் இடது காலுக்கும் வேலையில்லை, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கும் வேலையில்லை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த சிக்னலுக்குள் கண் நிறைந்துவிட்டது. ஏசி காற்று கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆரம்பித்த பழக்கம்தானே இது! முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டு, சிப்காட்டில் இருக்கும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க நான் ஆரம்பித்திருந்த சமயம். மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி இறக்கிச் சலித்துப்போய் அந்தப் பழைய காரை வாங்கினோம். வாங்கிய வருஷமே உங்கள் இடது தோள் இறுகிக்கொண்டது. சுகர் இருப்பவர்களுக்கு வருவதுதான், கொஞ்ச நாளில் தானாக விட்டுவிடும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சட்டையில் கை நுழைக்க நான் வேண்டும், முதுகில் சோப்புப் போட நான் வேண்டும். "உனக்கு ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சு" என்று ரம்யாவைக் காட்டி, உங்களையும் காட்டிச் சிரிப்பீர்கள்.

அன்று கிருஷ்ணகிரியில் மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். சந்தை நாள் என்பதை இருவருமே மறந்துவிட்டோம். ரோட்டோரம் எங்கும் மாடும் ஆடும், அதை ஏற்ற வந்த மினி லாரிகளும். வண்டி நகர்ந்தால் நிற்கும், நின்றால் நகரும். ஒன்று, இரண்டு, நிறுத்து, மறுபடி ஒன்று. ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் உங்கள் உதடு இறுகுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. இல்லையாம்."

"அதுக்கு என்னா பண்றது? வண்டிய இங்கயே விட்டுட்டுப் போனா மாட்டோட மாடா இதையும் வித்துடுவானுங்க."

"நீங்க கிளட்ச்ச மிதிங்க. நான் போடறேன்."

"எதை?"

"கியரத்தான். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்புறம், "உன் பக்கமா இழுத்து மேல தள்ளு" என்றீர்கள். நீங்கள் மிதிப்பதற்குள் நான் தள்ளிவிட்டேன். கர்ரென்று ஒரு சத்தம். "பல்லக் கடிக்குது பாரு, அப்படியே உன்ன மாதிரி" என்றீர்கள். அந்த வலியிலும் உங்களுக்குக் கிண்டல் போகாது. ஜன்னல் பக்கமாக ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, "என்னாங்க இது, ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா?" என்று கேட்டார். சந்தையைத் தாண்டுவதற்குள் எனக்குக் கை பழகிவிட்டது.

அதற்குப் பிறகு நம் வண்டி அப்படித்தான் ஓடியது. மிதிப்பது நீங்கள், போடுவது நான். ஆரம்பத்தில் மிதித்துவிட்டு "ம்" என்பீர்கள். கொஞ்ச நாளில் அந்த "ம்" கூடத் தேவைப்படவில்லை. இஞ்சின் சத்தம் ஏறும், உங்கள் இடது முழங்கால் லேசாக இறங்கும், என் கை போகும். நீங்கள் ரோட்டைப் பார்ப்பீர்கள், நான் எதிர்வீட்டு மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வண்டி அது பாட்டுக்குப் போகும். சிப்காட் கேட்டில் செக்யூரிட்டி ஒருவர், நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கம்பியைத் தூக்குவார்.

என் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் இரண்டும் என் பக்கம். மூன்றும் நான்கும் நடுவில். ஐந்து உங்கள் பக்கம். ஊருக்குள் ஓடும்வரை ஐந்துக்கு வேலையே வராது. சூளகிரி தாண்டி ரோடு நேராக விரியும்போதுதான் வரும். கையை நீட்டி, உங்கள் பக்கமாகத் தள்ளி மேலே போட்டால், என் விரல் கணு உங்கள் முழங்காலில் போய் இடிக்கும். நீங்கள் காலை நகர்த்தியதே இல்லை. நானும் கையை உடனே எடுத்ததில்லை. வீட்டில் காலேஜ் போகும் பெண் இருக்கிறாள், எனக்குத் தலையில் நரை வந்துவிட்டது. ஆனாலும் கிருஷ்ணகிரி ஆர்டர் என்றால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

சண்டை போட்ட நாட்களும் உண்டு. ராயக்கோட்டையில் தக்காளி வாங்கிக்கொண்டு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உங்கள் அக்கா வீட்டு விசேஷத்துக்கு முதல் நாளே வந்துவிடுவோம் என்று என்னைக் கேட்காமல் போனில் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கோ அந்த வாரம்தான் ஒரு பெரிய ஆர்டர் முடித்துக் கொடுக்க வேண்டும். வாய் வார்த்தையாக நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். வண்டி இரண்டாவது கியரில் இருந்தது.

நீங்கள் மிதித்துப் பார்த்தீர்கள். "ம்" என்றீர்கள். நான் மரத்தைப் பார்த்தேன். மறுபடி "ம்". நான் ராயக்கோட்டை மலைமேல் இருந்த கோட்டையைப் பார்த்தேன். உங்களுக்கும் ரோஷம், கேட்க மாட்டீர்கள். இரண்டிலேயே இஞ்சின் அலற அலற ஓட்டினீர்கள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஒவ்வொருவராக நம்மைத் தாண்டிப் போனார்கள். ஒரு டிராக்டர்கூடத் தாண்டியது. அந்த டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்து என்னைக் கும்பிட்டார், ஏன் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் நீங்கள்தான் இறங்கி வந்தீர்கள்.

"தாயே, மூணு போடும்மா. அக்காகிட்ட வரலன்னு சொல்லிடறேன்."

"என்னாத்துக்கு வரலன்னு சொல்றது? விசேஷத்தன்னிக்குக் காலைல வரோம்னு சொல்லுங்க."

"சரி, சொல்றேன். போடு."

போட்டேன். தக்காளிக் கூடையிலிருந்து ஒரு தக்காளி உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துத் துடைத்து ஆளுக்குப் பாதி தின்றுகொண்டே வீடு வந்தோம்.

இனி நான் சொல்லப்போவது நாம் இருவரும் வாய் திறந்து பேசாத விஷயம். பேசாமலே போய்விட்டீர்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் டீ எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். நீங்கள் ஸ்டூல் மேல் நின்று, பரணில் துணி மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு கையாலும். இடது கை தலைக்கு மேலே நேராக நின்றது. முகத்தில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு அந்தக் கையாலேயே பரண் கதவையும் சாத்தினீர்கள். நான் டம்ளரோடு சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். அங்கிருந்து "டீ ரெடி" என்று குரல் கொடுத்தேன். "வரேன்" என்றீர்கள். டம்ளரை வலது கையில் வாங்கிக்கொண்டீர்கள்.

மறுநாள் வண்டியில் ஏறினோம். இன்றைக்கு அவரே போடப் போகிறார், என் வேலை போச்சு என்று நினைத்தேன். சாவியைத் திருப்பினீர்கள். இடது கையைப் பழையபடி மடியில் வைத்தீர்கள். முழங்கால் இறங்கியது. நான் போட்டேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கன்னம் சூடாகிறது. நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினோம்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டீர்கள். மத்திகிரிப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி சட்டென்று குறுக்கே ஓடியது. பிரேக் அடித்த வேகத்தில் உங்கள் இடது கை தானாக வந்து என் கைக்கு முன்னால் இரண்டைப் போட்டுவிட்டது. கன்று தப்பியது. நாம் இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனோம்.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"லேசா" என்றீர்கள்.

பொய் சொல்ல உங்களுக்கு வரவே வராது. காது மடல் சிவந்துவிடும். அன்றைக்கும் சிவந்திருந்தது, நான் பார்க்காதது போல் மூன்றைப் போட்டேன்.

நீங்கள் போன அன்று வண்டி வாசலில்தான் நின்றது. ஜெனரல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனவர். எலக்ட்ரிக் பேனல் போர்டு வேலை ஒன்றை முடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்த வேனில் என்னை முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நீங்கள் பின்னால் படுத்திருந்தீர்கள். அந்த டிரைவர் கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேறெங்கே பார்ப்பது? என் கை இரண்டும் மடியில் கிடந்தன, என்ன செய்வது என்று அதுகளுக்கும் தெரியவில்லை.

வண்டி வெகுநாள் வாசலில் நின்று டயர் இறங்கியது. எனக்கு அதில் பாதிதானே தெரியும்? பாதி தெரிந்தவள் ஓட்ட முடியாது. அஞ்செட்டியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். அங்கே பஸ் எப்போதாவதுதான், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி இல்லாமல் கஷ்டப்படுகிறோம் என்றார். கொடுத்துவிட்டேன். அவர் உட்கார்ந்து, அவரே மிதித்து, அவரே கியர் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இடது பக்கம் காலி. தெரு திரும்பும்வரை அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மறுபடியும் ஆட்டோவும் மூட்டையுமாக என் பிழைப்பு ஓடியது. ஷிப்ட் விடும் நேரத்தில் ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் மூட்டையைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளிப்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போகாமல் ஒரு கம்பெனி ஆர்டர் கையை விட்டுப் போனது. அப்போதுதான் ரம்யா, "வண்டி வாங்கு, நீயே ஓட்டு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்றாள். ஷோரூமில் அந்தக் கூத்து நடந்த பிறகு இன்னும் பிடிவாதமானாள்.

"அந்த சேல்ஸ்மேன் ஒண்ணும் தப்பா சொல்லல, அதுவே மாத்திக்கும். நம்ம ஓசூர் டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சே கால் போயிடும்மா. நானே பெங்களூர்ல ஆட்டோமேட்டிக்தான் ஓட்டறேன்."

"எனக்குக் கியர் வச்ச வண்டிதான் வேணும்."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வேன்? உங்கப்பா முழங்கால் இடிக்கும், அதனால் என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல முடியுமா? "ஏத்தத்துல நல்லா இழுக்கும்" என்று எதையோ உளறினேன். அவள் என்னை நம்பவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். லைசென்ஸ் வாங்கு. வாங்கிய பிறகு மலைக்கோயில் ஏற்றத்தில், பாதியில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்டு. எடுத்தால் கியர் வண்டி. எடுக்காவிட்டால் அவள் சொன்ன வண்டி, மறுபேச்சுக் கிடையாது. வீறாப்பில் சரி என்றுவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மும்தாஜிடம் சேர்ந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவள். தங்கமான பெண், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். அது எனக்குப் பிடித்துப் போயிற்று. "கியரெல்லாம் எனக்கு அத்துப்படி, மிதிக்க மட்டும் சொல்லிக்கொடு" என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும்தான் தெரிந்தது. உங்கள் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே எதிர்ப்பக்கம். கியர் என் இடது கையில். என் இடது கைக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வலது கைக்கு, அது ஸ்டியரிங்கில் இருக்க வேண்டுமாம். மிதித்தவுடன் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, குறுக்கே பாய்ந்து கியருக்குப் போகிறது.

"அக்கா, ஸ்டியரிங்க விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்று மும்தாஜ் கத்துவாள்.

இன்னொன்றும் இருந்தது. ஒன்றாவது கியர் எப்போதும் என் பக்கம் இருந்ததல்லவா? இப்போது அது என்னைவிட்டுத் தள்ளிப் போயிருந்தது, ஆளில்லாத அந்த சீட்டின் பக்கம். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் கையை அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். நீட்டும்போதெல்லாம் நீங்கள் இல்லை என்பது ஒரு தடவை புதிதாகத் தெரியும். முதல் வாரம் தினமும் வீட்டுக்கு வந்து அழுதேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியைப் பக்கத்தில் நிறுத்தி இடது கைக்குக் கியர் பழக்கினேன். நீங்கள் எப்படித்தான் வருஷக்கணக்கில் இடது கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தீர்களோ! எத்தனை தடவை அது துடித்திருக்கும்!

லைசென்ஸ் வந்தது. மலைக்கோயில் நாளும் வந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டி. மும்தாஜ் இடது பக்கம், அவள் பக்கத்திலும் பிரேக்கும் கிளட்சும் உண்டு, ஆனால் தொடக் கூடாது என்று ரம்யா கறாராகச் சொல்லிவிட்டாள். ரம்யா பின்னால், சின்ன வயதில் உட்காரும் அதே மூலையில். ஏற்றத்தில் பாதி வந்ததும், "இங்க நிறுத்தும்மா" என்றாள்.

நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். மறுபடி எடுத்தேன். குலுங்கி, ஒரு ஆட்டு ஆட்டி, வண்டி ஆஃப் ஆகிவிட்டது. கொஞ்சம் பின்னாலும் உருண்டது. கீழே அர்ச்சனைத் தட்டோடு ஏறி வந்த இரண்டு பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"போதும்மா" என்றாள் ரம்யா. அதட்டலாக இல்லை, பாவமாகத்தான் சொன்னாள். "உனக்கு என்னாத்துக்கு இவ்ளோ பிடிவாதம்? அப்பாவுக்குத் தோள் முடியல, நீ போட்ட. இப்ப யாருக்கும்மா?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அந்த ஏற்றத்தில், மும்தாஜையும் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

"உங்கப்பாவுக்குத் தோள் எப்பவோ சரியாயிடுச்சுடி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகக் கோணியது, சின்ன வயதில் அழுகை வருவதற்கு முன்னால் கோணுமே, அப்படி.

"எனக்கும் தெரியும்மா" என்றாள்.

"உனக்கு எப்படி?"

"காலேஜுக்கு பஸ் ஏத்திவிட அப்பாதான வருவார்? நீ இருக்க மாட்டியே. அவரேதான் கியர் போட்டு ஓட்டுவார். நான் கேட்டேன், தோள் வலிக்கலயாப்பான்னு."

"என்ன சொன்னார்?"

"அம்மாகிட்ட சொல்லிடாத, அந்த வேல அவளுக்குப் புடிச்சிருக்கு, திரும்பப் புடுங்கிக்கிட்டா மூஞ்சியத் தூக்கிக்குவான்னார்."

கேட்டீர்களா நியாயத்தை! அவருக்குப் பிடித்திருக்கிறது, கெடுப்பானேன் என்று நான் இருந்தேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது, கெடுப்பானேன் என்று நீங்கள் இருந்தீர்களாம். இத்தனை வருஷமும் யாருக்காக யார் நடித்தோம்? நீங்கள் மட்டும் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இடது தோளிலேயே ஒன்று வைத்திருப்பேன். அப்புறம் அதிலேயே சாய்ந்து அழுதிருப்பேன். மும்தாஜ் ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள், அவள் மூக்கும் சிவந்திருந்தது.

ரம்யா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். "இன்னொரு தடவ எடும்மா" என்றாள். "அவசரப்படாத."

சாவியைத் திருப்பினேன். இடது காலை அழுத்தினேன். அழுத்தும்போது என் தொண்டையிலிருந்து ஒரு "ம்" வந்தது. நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. இடது கை போய் ஒன்றைப் போட்டது. காலை மெல்ல விட்டேன், வண்டி லேசாக நடுங்கி முன்னால் போகப் பார்த்தது, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். ஏறியது. ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. "சூப்பர்க்கா!" என்று மும்தாஜ் கத்தியதில் பக்கத்து மரத்துக் குரங்கு ஒன்று கிளை மாறியது. மேலே போய் வண்டியை நிறுத்தியதும் ரம்யா யாருக்கோ போன் போட்டாள். டை கட்டிய சேல்ஸ்மேனுக்குத்தான். "கியர் வண்டியே புக் பண்ணிடுங்க சார்" என்றாள்.

நேற்று வண்டி வந்தது. அதே மலைக்கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்று காலை முதல் சவாரி. கிருஷ்ணகிரிக்கு ஒரு கம்பெனி ஆர்டர் போக வேண்டும். ரம்யா கூட வருகிறேன் என்றாள், லீவ் போடாதே என்று அவளை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். மூட்டைகளையெல்லாம் பின் சீட்டிலும் டிக்கியிலும் திணித்தேன். இடது பக்கம் வைக்கலாம், இடம் இருந்தது. வைக்க மனசு வரவில்லை. அங்கே ஒரு ஓமப் பொட்டலம் மட்டும் போட்டேன்.

ஊருக்குள் ஒன்றும் இரண்டுமாக ஊர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை ஆஃப் ஆயிற்று, பின்னால் நின்ற ஆட்டோக்காரனைத் திட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, பாவம். சூளகிரி தாண்டியது. ரோடு நேராக விரிந்தது. நாலில் இஞ்சின் சத்தம் ஏறியது. என் வலது கை ஸ்டியரிங்கில் ஒரு தடவை துடித்தது, "நீ இரு" என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். கிளட்ச்சை மிதித்தேன். இடது கையால் ராடை உங்கள் பக்கமாக இழுத்து மேலே தள்ளினேன்.

விரல் கணு ஒரு முழங்காலில் இடித்தது. நீங்கள் இருந்த அதே இடம், அதே உயரம். இருந்தது என் முழங்கால்தான்.

நான் காலை நகர்த்தவில்லை. கையையும் உடனே எடுக்கவில்லை.